சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டை மாற்ற நினைக்கிறவர்களுக்கு எது நல்லது, எது கெட்டது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை, நடக்காததற்கு யார் பொறுப்பு, நாளைக் காலை எதைச் செய்வது என்பதில்தான் திரும்பத் திரும்பச் சந்தேகம் வருகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம். அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

1. எங்க இருந்து ஆரம்பிக்கிறது? எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாமா?

வேண்டாம். முதல் நான்கு நாள் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். வேலை நாளில் சாப்பிடுவதும் வீட்டில் இருக்கும் நாளில் சாப்பிடுவதும் ஒன்றல்ல. மணி, இடம், என்ன, எவ்வளவு, அப்போது பசி இருந்ததா என்று ஐந்து விஷயம் போதும். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால், சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வாயில் போட்டுக்கொண்டது, பக்கத்தில் இருந்தவர் நீட்டிய பாக்கெட்டில் எடுத்த நாலு சிப்ஸ் எல்லாம் விடுபட்டுப் போகும்.

ஐந்தாம் நாள் அந்தத் தாளை எடுத்து, அதிக முறை வருவது எது என்று பாருங்கள். ஆகக் கெட்டது எது என்று தேட வேண்டாம். மாதம் ஒரு முறை விருந்தில் சாப்பிடும் இனிப்பை விடுவது பெரிய தியாகம் போலத் தோன்றும், கணக்கில் ஒன்றுமே இருக்காது. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், சுமார் 32 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. முதலில் அந்த ஒன்றில் மட்டும் கை வையுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும்போது என்ன கெடுகிறது என்றால், பசி, வேலை, சமையல், மற்றவர்களோடு பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் குழம்புகிறது. எது சரிப்பட்டு வரவில்லை என்று தெரியாமலே மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறோம்.

2. 21 நாள் விடாம செஞ்சா பழக்கம் ஆயிடும்னு சொல்றாங்களே?

அந்த 21க்கு ஆராய்ச்சி அடிப்படை கிடையாது. 1960இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. அறுவைக்குப் பிறகு மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக, குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட வேளையில் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போல ஒரே ஒரு சின்னச் செயலை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே மூன்றாவது வாரத்தில் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது இயல்பு. இரண்டரை மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

3. எனக்கு மன உறுதியே கிடையாது. என்னால முடியுமா?

முடியும். பசியோடு பண்டத்துக்கு முன்னால் நிற்கும் நிமிஷத்தில் மன உறுதியை நம்பினால் யாருக்கும் அது பெரிதாகக் கைகொடுக்காது. முடிவை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். உங்கள் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது: வயிறு நிறைந்திருக்கும்போது, நிதானமாக இருக்கும்போது, என்ன வாங்குகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்பதில்.

சமையல் மேடையில் பிஸ்கட் பாக்கெட் வாய் திறந்து கிடந்தால், தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ‘எடுக்கலாமா, வேண்டாமா’ என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடக்கும். பத்து முறை ஜெயித்தாலும் பதினோராவது முறை கை போய்விடும். அதே பாக்கெட்டை இறுக்கிக் கட்டி, உள்ளே இருப்பது தெரியாத டப்பாவில் போட்டு, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் மேல் தட்டில் வைத்தால் வழக்கே வருவதில்லை. அது இருந்த இடத்தில் கழுவிய பழம் இருக்கட்டும். கழுவாத பழம் கிடந்தபடியே கிடக்கும். ‘கழுவ வேண்டுமே’ என்ற அரை நிமிஷச் சோம்பலே அதைத் தள்ளிப்போடப் போதும்.

அடுத்தது, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரே வரியில் எழுதிக்கொள்வது. பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்த முறை இது. ‘இனிமேல் நொறுக்குத்தீனியைக் குறைப்பேன்’ என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. ‘சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பழம், அதற்குப் பிறகுதான் டீ’ என்பதில் இரண்டும் இருக்கின்றன. கதவைத் திறப்பதே ஞாபகப்படுத்திவிடும்.

4. டீயில சர்க்கரையை ஒரேயடியா நிறுத்தட்டுமா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கட்டுமா?

இரண்டும் பலிக்கும். ஆனால் பாதியில் விடாமல் போய்ச் சேருவது பெரும்பாலும் படிப்படியாகக் குறைக்கிறவர்கள்தான். முதலில் உங்கள் ஸ்பூன் எவ்வளவு என்று பாருங்கள். தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். குவித்து அள்ளினால் அதே ஸ்பூனில் 6, 7 கிராம் வந்துவிடும். ‘ரெண்டு ஸ்பூன்தான்’ என்று சொல்கிறவர் உண்மையில் மூன்று, மூன்றரை போட்டுக்கொண்டிருக்கலாம். முதல் வாரம் வேறெதையும் குறைக்காமல் ஸ்பூனை விரலால் வழித்துப் போடுங்கள். அதன் பிறகு வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறையுங்கள். இரண்டிலிருந்து அரைக்கு வர ஆறு வாரம். ஒரு வாரம் நாக்கு முரண்டு பிடித்தால் அதே அளவில் இன்னொரு வாரம் இருங்கள், மேலே ஏற்றாதீர்கள். அளவு குறையக் குறைய நாக்கும் மாறும். மூன்று மாதம் கழித்துப் பழைய டீயைக் குடித்தால் திகட்டும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. டீயில் குறைத்ததைப் பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டாகச் சேர்த்துவிடுவது ஒன்று. சர்க்கரைக்குப் பதில் தேன் அல்லது வெல்லம் என்று மாறிவிட்டு, குறைத்துவிட்டதாக நினைப்பது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பில் தேனும் பழச்சாறும் சர்க்கரைக் கணக்கில்தான் வருகின்றன. அந்த வரம்பு, நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் வந்தால் இன்னும் நல்லது. முழுப் பழமும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் இதில் சேராது.

5. உப்பும் இப்படித்தானா?

நாக்கைப் பொறுத்தவரை இப்படித்தான், பழகச் சில வாரங்கள் ஆகும். வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். உலக சராசரி இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சாப்பிடும் இடத்திலிருந்து உப்பு டப்பாவை எடுத்துவிடுவது முதல் படி. சமையலில் கால் பங்கு குறைத்து, இறக்கும்போது புளிப்போ காரமோ வாசனையோ சேர்த்தால் குறை தெரியாது. உப்புக்குப் பதிலாக விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பை வாங்குவதற்கு முன் 15ஆம் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

6. இது பசியா, வெறும் ஆசையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பசி மெல்ல ஏறும், எது கொடுத்தாலும் அடங்கும். ஆசை திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். சாதாரணமான, ருசி பெரிதாக இல்லாத ஒரு சாப்பாட்டை மனதில் நினைத்து, ‘இது இருந்தால் சாப்பிடுவேனா’ என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் பசி. சாப்பிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஆசை என்றால் பத்து நிமிஷம் வேறு வேலை பாருங்கள். அதன் பிறகும் இருந்தால் ஒரு அளவைத் தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிட்டால் எப்போது நிறுத்துவது என்பதைப் பாக்கெட்தான் முடிவு செய்யும். சோர்வு, சலிப்பு, கோபம், தனிமை இவையும் பசியின் வேஷத்தில் வரும். 1இல் சொன்ன தாளில் ‘பசி இருந்ததா’ என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ‘இல்லை’ என்று ஒரே நேரத்துக்கு நேராக வந்தால், அந்த நேரத்தில் உங்களுக்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். பல பேருக்கு அது ஓய்வுதான்.

7. ராத்திரி பத்து மணிக்கு மேல கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடறேன். பகல் பூரா ஒழுங்காத்தான் இருக்கேன்.

பகல் முழுக்க ‘ஒழுங்காக’ இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். காலை வெறும் டீ, மதியம் கொஞ்சமாக எதையோ கொறித்தல் என்று ஓட்டினால், உடம்பு விட்டதையெல்லாம் ராத்திரி கேட்கும். அதை ராத்திரியில் அடக்க முடியாது, மதியமே சரிசெய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, தயிர், மீன் இப்படிப் புரதம் உள்ள ஏதாவது ஒன்றும், நன்றாக ஒரு கைப்பிடி காயும் இருக்கட்டும். ஒரு வாரம் செய்து பாருங்கள். ராத்திரிக்கு என்று தனியாக எதையும் செய்யாமலே பாதிப் பேருக்கு மேல் சரியாகிவிடும் என்பது எங்கள் கணிப்பு.

மீதிப் பேருக்குத் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். 2004இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது. இனிப்பும் மாவுப்பண்டமும் உப்புத்தீனியும் அதிகமாகக் கேட்டது. பதினொரு மணிக்குப் படுக்கப் போவதும் சாப்பாட்டுத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

8. ஒரு நாள் தவறிட்டா ‘சரி, போச்சு’ன்னு அன்னைக்கு முழுக்க சாப்பிட்டுடறேன். ஏன்?

உங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைக்காதவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட, குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்துதான் இருந்தது. ‘விதி உடைந்துவிட்டது, இனி என்ன’ என்ற எண்ணம்தான் கையை இழுத்தது.

இதற்கு மருந்து, விதியை உடைக்க முடியாதபடி வைப்பது. ‘இனிப்பே கிடையாது’ என்பது ஒரே கடியில் உடையும். ‘வாரத்தில் இரண்டு முறை, உட்கார்ந்து, ஒரு துண்டு’ என்பது வளையும், உடையாது. தவறிவிட்டால் அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்டக் கூடாது. அது நேராக 7ஆம் கேள்வியில் கொண்டுபோய் விடும். நாளை முதல், திங்கள் முதல் என்று தள்ளவும் வேண்டாம், அடுத்த வேளைதான் தொடக்கம்.

9. வீட்டுல சமைக்கிறது வேற ஒருத்தர். நான் என்ன பண்ண முடியும்?

சமைக்கிறவரிடம் ‘நாளையிலிருந்து எனக்குத் தனியா’ என்று சொன்னால் அது அவருக்குக் கூடுதல் வேலை. உங்கள் தீர்மானத்தின் சுமை இன்னொருவர் தலையில் ஏறுகிறது. இரண்டு வாரத்தில் அது சண்டையில் முடியும். மாற்றம் உங்களுடையது என்றால் அதற்கான வேலையும் உங்களுடையதாக இருப்பதுதான் நியாயம். காய் நறுக்குவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தினம் கால் மணி நேரம் ஆகும். வீட்டில் காய் குறைவாகச் சமைப்பதற்குப் பல நேரம் உண்மைக் காரணம் நறுக்க ஆள் இல்லாததுதான்.

பிறகு, தனியாகச் சமைக்காமல் ஒரே சமையலைக் கிளை பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பொரித்ததைச் சேர்ப்பதற்கு முன், கடைசி எண்ணெய் ஊற்றுவதற்கு முன், உங்கள் பங்கை எடுத்து வைத்தால் போதும். எண்ணெய்க்கு, புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் ஒரு ஸ்பூனை அங்கேயே தொங்கவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய் சுமார் 120 கலோரி. கண் மதிப்பில் ஊற்றும்போது அது மூன்று கரண்டியாவது யாருக்கும் தெரிவதில்லை. எதுவுமே சொல்ல முடியாத வீடு என்றால், என்ன சமைக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, எந்த வரிசையில், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் காய், பிறகு புரதம், கடைசியில் மாவுச்சத்து. இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும் முன் பத்து நிமிஷம்.

10. விருந்துல ‘ஒண்ணே ஒண்ணு’ன்னு வற்புறுத்தறாங்க. மறுத்தா கோவிச்சுக்கிறாங்க.

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு மறுப்பு வரும்: ‘ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது’, ‘நீங்க ஒண்ணும் குண்டு இல்லையே’. ‘போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு, ரொம்ப நல்லா இருந்தது’ என்பதற்கு மறுப்பு கிடையாது. இந்த மூன்றில் கடைசி முக்கியம். வற்புறுத்துகிறவர் பெரும்பாலும் கேட்க விரும்புவது அதைத்தான். தட்டில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே நிறுத்துங்கள், காலித் தட்டு நிரம்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று வாங்கிக்கொள்வதும் மரியாதையான வழி.

உங்களுக்கு மிகவும் பிடித்தது இருந்தால் சாப்பிடுங்கள். யோசித்து எடுத்த தீர்மானம் அது, தவறு கிடையாது.

11. பாக்கெட்ல எழுதியிருக்கிறதை எப்படிப் படிக்கிறது?

முன்பக்கத்தை விடுங்கள், அது விளம்பரம். பின்பக்கம் மூன்று இடம் பாருங்கள். முதலில், எண்கள் எதற்கு: ஒரு பரிமாறலுக்கா, 100 கிராமுக்கா? பரிமாறல் 30 கிராம், பாக்கெட் 150 கிராம் என்றால் முழு பாக்கெட்டைத் தின்பவர் அந்த எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும். இரண்டாவது, பொருள்களின் பட்டியல். அதிகம் உள்ளது முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான், பெயர் எதுவாக இருந்தாலும். குளுக்கோஸ் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாற்றுச் செறிவு என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, சோடியம்: கிராமில் இருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு.

12. ரெண்டு மாசமா எல்லாம் சரியாத்தான் செய்யறேன், எடை குறையவே இல்லையே?

எடை எந்திரம் கொழுப்பை மட்டும் காட்டுவதில்லை. உடம்பில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீர் இருக்கிறது. உப்பு அதிகமான ஒரு சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், எதுவும் ஒன்றிரண்டு கிலோவை மேலே கீழே ஆட்டும். முதல் வாரத்தில் மளமளவென்று குறைவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். வாரம் ஒரு நாள், காலையில், கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் பாருங்கள். நான்கு வாரத்தை நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். தொப்புளுக்கு நேராக ஒரு அளவு நாடாவும் சுற்றிப் பாருங்கள்.

அதன் பிறகும் மாற்றம் இல்லை என்றால் 1இல் சொன்ன தாளை மறுபடி நான்கு நாள் எழுதுங்கள், இந்த முறை அளந்து. எடை குறையும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைகிறது, பசியும் கூடுகிறது. அதனால் முதல் மாதம் போதுமாக இருந்தது நான்காம் மாதம் போதாமல் போவது இயல்பு. இன்னொன்று: எடை நகராமலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் செரிமானமும் சீராகலாம். எந்திரத்தின் எண் ஒன்றை வைத்து, செய்ததெல்லாம் வீண் என்று முடிவு கட்டாதீர்கள்.

13. எங்க குடும்ப உடம்பு வாகே இப்படி. கடையெல்லாம் ஜங்க் ஃபுட். இதுல என் மேல என்ன தப்பு?

தப்பு இல்லை. பரம்பரைக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது. 2007இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ மரபணு வகையின் இரண்டு பிரதியும் உள்ளவர்கள், ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதல். கடையில் கிடைப்பதற்கும் பங்கு இருக்கிறது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. முன்னால் வைத்ததில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட வாரங்களில் அதே ஆட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே தள்ளினார்கள், ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். இரண்டு வாரத்தில் யாருடைய ஒழுக்கமும் மாறிவிடவில்லை, தட்டில் இருந்தது மாறியது.

பழி வேறு, பொறுப்பு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் பலர் எதுவும் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள். மழைக்கு நீங்கள் காரணம் அல்ல, ஆனால் குடை எடுத்துப் போவது உங்கள் கையில் இருக்கிறது. குடையே வாங்க வழியில்லாதவரைப் பார்த்து ‘ஏன் நனைந்தாய்’ என்று கேட்பது கொடுமை. மூன்று ஷிப்ட் வேலை, அடுப்பு இல்லாத அறை, பக்கத்தில் காய்க் கடையே இல்லாத இடம், இப்படி இருக்கிறவருக்கு விருப்பம் என்பது குறுகலாகத்தான் இருக்கும். உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. பொருள்களில் என்ன சேர்க்கலாம், குழந்தைகளிடம் எதை விளம்பரம் செய்யலாம் என்பதற்கு அரசும் நிறுவனங்களும் பொறுப்பு. அதைக் கேட்பதையும் விடக் கூடாது, 3ஆம் கேள்வியில் சொன்ன டப்பாவை இடம் மாற்றுவதையும் விடக் கூடாது.

14. வீட்டுல பெரியவருக்கு சுகர். சொன்னா கேக்க மாட்டேங்கிறார், ஒளிச்சு வெச்சு சாப்பிடறார். குழந்தை காயைத் தொட மாட்டேங்குது. கட்டாயப்படுத்தலாமா?

பெரியவர் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயது வந்தவர். ஒளித்துச் சாப்பிடுகிறார் என்றால் வீட்டில் காவல் நடக்கிறது என்று அர்த்தம். காவல் கூடினால் ஒளிப்பும் கூடும். அதில் பெரிய ஆபத்து, மருத்துவரிடமும் பொய் சொல்லத் தொடங்குவார், தவறான தகவலை வைத்து மருந்து அளவு முடிவாகும். ‘இதைச் சாப்பிடாதீங்க’ என்பதை நிறுத்திவிட்டு, ‘எதை விடவே முடியாதுன்னு நினைக்கிறீங்க?’ என்று ஒரு முறை கேளுங்கள். வருகிற பதிலைத் திட்டத்துக்குள் வையுங்கள்: அளவு, நாள், வேளை. மற்றதில் அவரே விட்டுக்கொடுப்பார். வீட்டில் எல்லோரும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுவது ஆயிரம் அறிவுரையைவிட மேல்.

குழந்தைக்கு வேறு கணக்கு. எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது குழந்தையின் பொறுப்பு. புதிய காயை ஏற்க பத்து, பதினைந்து முறை கூட ருசி பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாம் முறையே ‘இதுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, தெரிந்த சாப்பாட்டின் ஓரத்தில், எந்தப் பேச்சும் இல்லாமல். ‘காயைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்’ என்று பேரம் பேசினால், காய் என்பது தண்டனை, ஐஸ்கிரீம் என்பது பரிசு என்றுதான் பதியும்.

15. மருந்து சாப்பிடறேன். நானா சாப்பாட்டை மாத்தலாமா?

சில மருந்துகளில் கேட்காமல் மாற்றக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு எடுப்பவர்கள் மருந்தைப் போட்டுக்கொண்டு வேளையைத் தவிர்த்தாலோ மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தாலோ இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும். தினமும் ஒரே அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை. குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த, இதய மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது இரத்தப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பைக் குலைக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரும் ஓலன்சபின் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டும். அதை மன உறுதிக் குறைவு என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், மருந்தைத் தானாக நிறுத்தவும் செய்யாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

16. உடம்புக்காக இல்ல, மனசாட்சிக்காக அசைவத்தை விடலாம்னு இருக்கேன். நான் ஒருத்தன் விட்டா என்ன ஆகும்?

உங்கள் ஒரு தட்டு மட்டும் உலகத்தை மாற்றாது. ஆனால் கணக்கு சின்னதும் இல்லை. 2018இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் பண்ணைத் தகவலைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர் உண்டாக்கும் பசுமைக்குடில் வாயுவில் கால் பங்குக்கு மேல் உணவினால் வருகிறது. விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் சேர்த்து 83 சதவீதம் கால்நடை சார்ந்த உணவுக்குப் போகிறது, கிடைப்பதோ 18 சதவீதக் கலோரி. உயிர்க்கொலை வேண்டாம் என்பது காரணமானால் எந்த எண்ணும் தேவையில்லை, அதுவே முழுக் காரணம். ஆனால் அடுத்தவர் தட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. தாவர உணவில் அது நம்பும்படியாகக் கிடைக்காது. கல்லீரலில் சில வருஷத்துக்குச் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. கால் மரத்துப்போதல், மறதி, இரத்தசோகை என்று மெதுவாக வரும். பால், முட்டையையும் விடுகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இரும்புச்சத்துக்குப் பருப்பு, பயறு, கீரையோடு எலுமிச்சை போல வைட்டமின் சி உள்ளதைச் சேருங்கள். டீ, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பயறும் நாரும் திடீரென்று கூடினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

17. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாவே இருக்கு. கணக்கு போட்டுக்கிட்டே இருக்கேன். இது நல்லதா?

இல்லை. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், பேச்சு முழுக்கச் சாப்பாடாகிவிட்டது, சிரிப்பும் நட்பும் வற்றிப்போயின. அவர்கள் பலவீனமானவர்கள் அல்ல, அந்த ஆய்வுக்குத் தாமாகவே முன்வந்தவர்கள். போதாமல் சாப்பிடும் உடம்பும் மூளையும் அப்படித்தான் நடக்கும். உங்கள் நினைப்பும் அதே இடத்திலிருந்து வரலாம், அப்படியென்றால் முதல் மருந்து கூடுதலாகச் சாப்பிடுவது.

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் தாளையும் எடை எந்திரத்தையும் ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்: சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ பேதி மருந்தாலோ வெளியேற்றுவது, கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வெட்கத்தில் ஒடுங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, எழுந்தால் தலைசுற்றுவது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்ப்பது. ஒல்லியாக இருப்பவருக்குத்தான் இது வரும் என்று இல்லை, எந்த எடையிலும் வரும். மருத்துவரிடம் ‘பசி சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது என்று ஒரு சீட்டில் எழுதி, அதைப் பேசாமல் அவர் கையில் கொடுங்கள்.